பேக்கப் சொன்ன பிறகு சம்பளத்துக்கு யார் பொறுப்பு?

சென்னை வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் சினிமா வேன்கள் விடியும் முன்பே கிளம்பிவிடும். கல்யாணக் காட்சிக்கு ஐம்பது பேர், கோர்ட் காட்சிக்கு முப்பது பேர் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் முதல் நாளே ஏஜென்ட்டிடம் கணக்குச் சொல்லியிருப்பார். ஏஜென்ட் போன் போட்டு ஆள் சேர்ப்பார். வேனில் ஏறும் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுக்குத் தெரிந்தது ஏஜென்ட்டின் பெயர் மட்டும்தான். படத்துக்குத் தலைப்பு வைக்கப்படாத நிலையில் ‘புரொடக்‌ஷன் நம்பர் 3’ என்ற பேச்சுதான் இருக்கும். கம்பெனி யாருடையது என்று அவர் கேட்பதுமில்லை, எவரும் சொல்வதுமில்லை.

சம்பளம் கீழே இறங்கி வரும் வழியும் இதேதான். தயாரிப்பாளரிடமிருந்து மேனேஜருக்கு, மேனேஜரிடமிருந்து ஏஜென்ட்டுக்கு, கமிஷன் போக மிச்சம் ஆர்ட்டிஸ்டுக்கு. நடுவில் ஒரு கை மூடிக்கொண்டால் பாக்கி விழுகிறது. “கம்பெனி இன்னும் தரவில்லை” என்கிறார் ஏஜென்ட். “ஏஜென்ட்டிடம் கொடுத்தாகிவிட்டது” என்கிறது கம்பெனி. வெயிலில் நாள் முழுக்க நின்றவர் இருவரிடமும் மாறி மாறி அலைகிறார்.

பெரிய நட்சத்திரத்துக்குச் சம்பளப் பாக்கி வந்தால் அது வழக்காகிறது. ‘மிஸ்டர் லோக்கல்’ படத்துக்குப் பேசிய 15 கோடி ரூபாயில் 4 கோடி வரவில்லை என்று 2022இல் சிவகார்த்திகேயன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். விவகாரம் மத்தியஸ்தரிடம் அனுப்பப்பட்டது. ஒரு நாள் கூலி பாக்கியானவருக்கு அந்த வாசல் இல்லை. கேட்க வேண்டிய தொகையைவிட வக்கீல் கட்டணம் பெரிது. அதட்டிக் கேட்டால் அடுத்த வேனில் இடம் கிடைக்காது என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

தனியாளால் முடியாததைச் சங்கம் செய்து பார்க்கிறது. தமிழ்த் திரையுலகில் பெப்சி என்ற தொழிலாளர் அமைப்பும், மும்பையில் எஃப்.டபிள்யூ.ஐ.சி.இ என்ற சம்மேளனமும் கையில் வைத்திருக்கும் ஆயுதம் ஒத்துழையாமை: பாக்கியைத் தீர்க்காத தயாரிப்பாளரின் படத்தில் எங்கள் உறுப்பினர் எவரும் வேலை செய்யமாட்டார். கலைஞர்கள், தொழிலாளர்களுக்கு 1.25 கோடி ரூபாய் பாக்கி இருப்பதாகச் சொல்லி, 2021 ஜனவரியில் இயக்குநர் ராம் கோபால் வர்மாவுக்கு எதிராக மும்பை சம்மேளனம் இதையே அறிவித்தது. ஆனால் இந்த ஆயுதம் அடுத்த படம் எடுக்க நினைப்பவரிடம்தான் பலிக்கும். ஒரே படத்தோடு கடையைச் சாத்திவிட்டுப் போகிறவரை அது தொடாது. சங்க அட்டை இல்லாதவர்களுக்கும் உதவாது.

அங்கேதான் சட்டம் தேவைப்படுகிறது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒரு நல்ல வழியைக் காட்டியது. கூலி கொடுக்கும்போது முதன்மை முதலாளியின் பிரதிநிதி அங்கே இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கைவிரித்தால் முதன்மை முதலாளியே கூலியைக் கொடுத்துவிட்டு, அதை ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். துரத்தும் வேலை தொழிலாளியின் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. சினிமாத் தொழிலாளர்களுக்கென்று 1981இல் வந்த தனிச்சட்டம், எழுத்து மூல ஒப்பந்தம் இல்லாமல் எவரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஏஜென்ட் மூலம் எடுத்தாலும் அப்படித்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இவற்றின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. பாக்கிக் கூலியைக் கேட்க இப்போது மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

ஹாலிவுட்டும் இந்தத் தொல்லையைப் பட்டுத்தான் கடந்தது. 1920களில் துணை நடிகர்களின் சொற்பக் கூலியில் தனியார் ஏஜென்சிகள் கட்டணம் பிடித்தன. புகார்கள் பெருகவே 1925 டிசம்பரில் ஸ்டுடியோக்கள் சேர்ந்து ‘சென்ட்ரல் காஸ்டிங்’ என்ற பொது நிறுவனத்தை உண்டாக்கின. வேலைக்கு அனுப்புவதற்காக நடிகரிடம் அது காசு வாங்கவில்லை. பிரிட்டனில் 2003ஆம் ஆண்டு விதிகள் இன்னும் கறாரானவை. வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்ற காரணத்தைக் காட்டி, ஆள் அனுப்பும் நிறுவனம் தன் தொழிலாளியின் கூலியை நிறுத்த முடியாது. கலைஞர் சார்பில் ஏஜென்சி வாங்கிய பணத்தையும் 10 நாளுக்குள் அவரிடம் சேர்க்க வேண்டும், அல்லது தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

இலங்கைக்கு வருவோம். மாத்தளை மாவட்டத்தின் பல்லேகமவிலிருந்து ஓர் இளைஞர், கொழும்பு இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு மேடை கட்டவோ, படப்பிடிப்பில் லைட் தூக்கவோ ஆள் பிடிப்பவர் ஒருவர் மூலம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்தது, சம்பளம் வரவில்லை. ஊர் திரும்பியவர் என்ன செய்யலாம்?

இலங்கையின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941ஆம் ஆண்டுக்குரியது. சினிமாத் தொழிலுக்கும் அதன் கீழ் ஒரு சம்பளச் சபை உண்டு. அச்சட்டத்தின்படி, எவருக்காக வேலை நடந்ததோ அவரும் தொழில்தருநர். அவர் சார்பில் ஆளை அமர்த்தியவரும் தொழில்தருநர். “ஏஜென்ட்டைப் போய்க் கேள்” என்று கம்பெனி எளிதில் நழுவ முடியாதபடி எழுதப்பட்ட வரையறை இது. எந்தச் சம்பளச் சபைக்குள்ளும் வராத வேலையென்றாலும் 2016இன் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் இருக்கிறது. 2026 ஜனவரி முதல் அதன்படி மாதச் சம்பளம் 30,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

முறைப்பாட்டைத் தொழில் திணைக்களத்தில் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. விசாரணையில் பாக்கி உறுதியானால் செலுத்தும்படி உத்தரவு வரும். அதையும் மீறினால் விவகாரம் நீதவான் நீதிமன்றம் செல்லும். தண்டப்பணம் அறவிடுவதுபோல் அந்தத் தொகை அறவிடப்படும்.

கஷ்டம் சாட்சியத்தில்தான். பல்லேகமவிலிருந்து இலுக்கும்புர, ரிவர்ஸ்டன், இரத்தோட்டை என்று மலைப்பாதை தாண்டி மாத்தளைக்குப் போகிறவர் வெறுங்கையோடு போனால், எங்கே வேலை செய்தீர்கள் என்ற முதல் கேள்வியிலேயே முறைப்பாடு தடுமாறும். வேலைக்கு அழைத்த வாட்ஸ்அப் செய்தி, வேலைத்தலத்தில் எடுத்த படம், நுழைவு அட்டை, கூட வேலை செய்த இருவரின் பெயர், முன்பு வங்கியில் விழுந்த ஒரு தொகை ஆகியவற்றை அவர் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். நிகழ்ச்சி நடத்திய கம்பெனியின் பெயரை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் தொழிலாளியே சுமப்பது நியாயமில்லை. ஆள் அனுப்பும் நிறுவனங்கள் மூலம் வேலைக்குப் போகும் ‘மேன்பவர்’ ஊழியர்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்டு இலங்கைத் தொழிற்சங்கங்கள் நெடுங்காலமாகக் குரல் கொடுக்கின்றன. அந்தக் கோரிக்கையில் மேடைத் தொழிலாளியும் துணை நடிகரும் இடம்பெற வேண்டும். நிகழ்ச்சிக்கோ படப்பிடிப்புக்கோ அனுமதி கேட்டு வரும் கம்பெனியிடம், ஆள் அனுப்புகிறவர்களின் பட்டியலையும் ஏஜென்ட் சம்பளம் தராவிட்டால் தானே தருவதாக ஒரு கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளலாம். அனுமதி கொடுக்கும் அரச அலுவலகத்துக்கு அது ஒரு பக்கப் படிவம். அடுத்த விண்ணப்பத்திலிருந்தே கேட்கத் தொடங்கலாம்.