42,000-ஐ விட்டுட்டு 55,000-க்குப் போகலாமா? காஸ்மெடிக் சர்ஜரி கிளினிக் வேலைக் கணக்கு

உதாரணத்துக்கு, நீங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரி பில்லிங்ல மாசம் 42,000 ரூபாய் வாங்குறீங்க, பேசிக் 26,000. காஸ்மெடிக் சர்ஜரி கிளினிக் ஒண்ணு கோஆர்டினேட்டர் வேலைக்கு 55,000 தர்றேன்னு சொல்லுது. உடனே பேப்பர் போடலாமா? கொஞ்சம் பொறுங்க.

ஆஃபரைப் பிரிச்சுப் பாருங்க
ஃபிக்ஸட் 35,000, இன்சென்டிவ் 20,000 வரை. காஸ்மெடிக் சர்ஜரிக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் பொதுவா கிடைக்காது. விபத்து, தீக்காயம் மாதிரி சில விதிவிலக்கு மட்டும்தான். பேஷன்ட் கைக்காசு போட்டுத்தான் வரணும். அவங்க தள்ளிப்போட்டா, உங்க இன்சென்டிவும் தள்ளிப்போகும்.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு
20 பேருக்குக் குறைவா இருந்தா பிஎஃப் கட்டாயம் இல்ல. 10 பேருக்குக் குறைவுன்னா கிராஜுவிட்டியும் இல்ல. பழைய கம்பெனி பிஎஃப்ல போடுற 12% = 3,120. கிராஜுவிட்டி வருஷத்துக்கு 15 நாள் பேசிக், அதாவது மாசம் 1,250. மொத்தம் 4,370.

ஃபிக்ஸட்ல குறையுற 7,000-ஐயும் சேர்த்தா 11,370. மாசாமாசம் இவ்வளவு இன்சென்டிவ் வந்தாதான் பழைய நிலைமையே!

கையெழுத்துக்கு முன்னாடி
• போன 12 மாச இன்சென்டிவ் சராசரி எவ்வளவுன்னு கேளுங்க.
• லெட்டர்ல 'சம்பளம்'னு இருக்கா, 'புரொஃபஷனல் ஃபீஸ்'னு இருக்கா? ஃபீஸ்னா 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடையாது.
• 5 வருஷம் முடிய சில மாசம்தான் பாக்கியா? முடிச்சுட்டே கிளம்புங்க; 75,000 கிராஜுவிட்டி கைக்கு வரும்.
• பழைய பிஎஃப்-ஐ எடுக்காதீங்க. 5 வருஷத்துக்குள்ள எடுத்தா வரி வரும்.

வேலை பிடிச்சிருந்தா தாராளமா மாறுங்க. ஆனா இஎம்ஐ எல்லாத்தையும் அந்த 35,000-க்குள்ள அடக்கிட்டு மாறுங்க.