கிஸ்தி ரசீது கேட்ட வாக்குச்சீட்டு

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் வீட்டு மருமகள் ராதாபாய் சுப்பராயன். மங்களூர்க்காரர், சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர். கணவர் பி.சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். யார் யாருக்கு ஓட்டு என்று ஆராய 1932-ல் லோதியன் பிரபு தலைமையில் அமைந்த குழுவில் ராதாபாயும் உறுப்பினர்.

அதுவரை ஓட்டு சொத்துக்காரர்களுடையது. 1920 தேர்தலில் கிராமத்தான் ஓட்டுப் போட, குறைந்தது 10 ரூபாய் ஆண்டு மதிப்புள்ள நிலத்துக்குப் பட்டா வேண்டும். டவுன்காரர் முனிசிபல் வரி கட்டியிருக்க வேண்டும். சுமார் 4 கோடிப் பேர் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர்கள் 12½ லட்சம் பேர்தான். நாமக்கல் பக்கத்துப் பண்ணையாளுக்கும், சேலம் அம்மாபேட்டையில் கூலிக்குத் தறி நெய்தவருக்கும் பட்டியலில் இடமில்லை. பண்ணையாள் உழுது விளைத்த நிலத்துக்குத்தான் கிஸ்தி. ஆனால் ரசீது யார் பேரில் இருந்ததோ அவருக்கே ஓட்டு. 1921-ல் மாகாணங்களிலேயே முதலாவதாகப் பெண்களுக்கும் வாக்குரிமை தந்தது சென்னை மாகாணம். தன் பேரில் பட்டா வைத்திருந்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

லோதியன் குழு ஒரு குறுக்கு வழி சொன்னது: சொத்துள்ள வாக்காளரின் மனைவிக்கும், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கும் ஓட்டு. பெரிய பெண்கள் அமைப்புகள் இதை ஏற்கவில்லை. வயது வந்த எல்லோருக்கும் கொடுங்கள், புருஷன் சொத்தைக் காட்டித் தரும் ஓட்டு வேண்டாம் என்றன. ராதாபாயோ, கிடைப்பதை முதலில் வாங்கிக்கொள்வோம் என்ற பக்கம் நின்றார். சட்டசபையில் பெண்களுக்குத் தனி இடமும் கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் நியாயம் அந்த அமைப்புகளிடம்தான் இருந்தது. 1931 கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்த இந்தியப் பெண்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடாமல் வைத்திருந்த பெண்ணிடம் படிப்பைக் கேட்பது அநியாயம். 1935-ன் இந்திய அரசுச் சட்டம் அதைத்தான் கேட்டது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரிடமும் இதையே கேட்டார்கள். 1962-ல் மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர் வாக்காளராகப் பதியப் போனார். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி விளக்கச் சொல்லித் தோற்கடித்தார்கள். அன்றே தோட்டத்திலிருந்தும் விரட்டப்பட்டார். பின்னால் தேர்வில் தேறியபோது, தலைவரி ரசீது எங்கே என்றார்கள். 1965-ல் வந்த வாக்குரிமைச் சட்டம்தான் அந்தத் தேர்வுகளை நிறுத்தியது.

நம் அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவு பட்டாவும் கேட்கவில்லை, படிப்பும் கேட்கவில்லை. 21 வயது போதும் என்றது. முதல் இரண்டு பொதுத்தேர்தல்களிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, அதன்மேல் அவர் சின்னம். சீட்டில் எதுவும் எழுத வேண்டாம். பிடித்த சின்னமுள்ள பெட்டியில் போட்டால் போதும். 1957-ல் திருச்செங்கோட்டில் சுப்பராயன் காங்கிரஸின் இரட்டைக்காளைச் சின்னத்தில் நின்று மக்களவைக்குப் போனார். ஜமீன்தாருக்கு அந்த முறை ஓட்டுப் போட்டவர்களில் பண்ணையாட்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். அதே தேர்தலில் ராதாபாயின் மகள் பார்வதி கிருஷ்ணன் கோயம்புத்தூரில் கம்யூனிஸ்ட் வேட்பாளராக நின்று, காங்கிரஸைத் தோற்கடித்தார்.