மழை வந்தால் படம் ஏன் மறைகிறது?

2015 நவம்பர். சென்னையில் விடாத மழை. தாம்பரத்தில் இருக்கும் தங்கை வீட்டில் தண்ணீர் புகுந்துவிட்டதோ என்ற கவலையோடு பெங்களூரில் நாங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். இங்கும் மழை கொட்டியது. படம் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்தே போயிற்று. "ஏண்டா, ஊர் நெலவரம் தெரியணும்கிற நேரத்துலதான் இது நிக்கணுமா?" என்றார் அம்மா. தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்த நான் அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கே எழுதுகிறேன்.

மாடி டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் 2.5 செ.மீ. சுமார் 36,000 கி.மீ. தாண்டி வரும் அதற்குக் கடைசிச் சில கிலோமீட்டரில்தான் தொல்லை. பெரிய மழைத்துளி 5 மி.மீ. வரை இருக்கும். அது அலையின் ஆற்றலில் கொஞ்சத்தை உறிஞ்சி வெப்பமாக்கிவிடுகிறது. கொஞ்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. செல்போன் அலை பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு நீளம். அதற்கு மழைத்துளி ஒரு தூசு.

காஷ்மீரத்துப் பனிப்பொழிவு எப்படி? உலர்ந்த பனி அவ்வளவாகக் கெடுக்காது. உறைந்த நீரின் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடப்பதால் அலையோடு சேர்ந்து ஆட முடியாது. ஆற்றலை அதிகம் விழுங்குவதுமில்லை. பாதி உருகிய ஈரப்பனிதான் பொல்லாதது.

ரேடாருக்கு இரட்டை இழப்பு. அலை போகும்போதும் திரும்பும்போதும் மழையைக் கடக்க வேண்டும். 1977 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பயணி விமானம் கடும் புயலுக்குள் நுழைந்தது. முன்னால் பெய்த மழையே அலையைத் தின்றுவிட்டதால், அதற்குப் பின்னால் இருந்த ஆபத்து விமானத்தின் ரேடார் திரையில் சரியாகத் தெரியவில்லை என்று கருதப்படுகிறது. மழையும் ஆலங்கட்டியும் புகுந்து இரண்டு என்ஜின்களும் நின்றன. 70 பேருக்கு மேல் இறந்தார்கள். திரை வெறுமையாக இருந்தால் வானமும் வெறுமை என்று அர்த்தமில்லை!

அதனால்தான் சென்னையில் 2002-இல் நிறுவிய வானிலை ரேடாருக்குச் சுமார் 10 செ.மீ. அலையைத் தேர்ந்தெடுத்தார்கள். புயல் மழையையும் ஊடுருவிப் பார்க்க அது தோது.

ஆகவே படம் போனால் மழையில் மாடியேறி டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். இடி மின்னலில் அது உயிருக்கே ஆபத்து. பலத்த மழை குறைந்ததும் படம் தானாக வரும். அன்று நான் செல்போனை எடுத்தேன். "பயப்படாதீங்கண்ணா, மாடிக்குப் போயிட்டோம்" என்றாள் தங்கை. அம்மா அப்புறம் டி.வி.யைப் பற்றிக் கேட்கவேயில்லை.