தோற்றால் என்ன ஆகும்? ஃபேன்டஸி கேம்களின் ரூல்ஸ் சொல்லும் ஆறு பதில்கள்

வாள், மந்திரம், டிராகன், குகைக்குள் ஒரு அரக்கன். ஃபேன்டஸி கேம்களை வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். கையில் எடுத்து ஒரு மணி நேரம் விளையாடிப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். ஒன்று பரீட்சை ஹால் போலப் படபடக்க வைக்கும். இன்னொன்று பாட்டியிடம் கதை கேட்பதுபோல நிதானமாகப் போகும்.

இந்த வித்தியாசம் கிராஃபிக்ஸில் இல்லை, ரூல்ஸில் இருக்கிறது. ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்படுத்தி விளையாடும் இந்த வகைக்கு ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி என்று பெயர். ஒரு ஆர்.பி.ஜியின் குணத்தைத் தெரிந்துகொள்ள நூறு பக்க விதிப்புத்தகம் தேவையில்லை. 'இதில் தோற்றால் என்ன ஆகும்?' என்ற ஒரு கேள்வி போதும்.

ஆரம்பம் பகடையில்

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் சேர்ந்து உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் இந்த வகை கேம்களின் தாய்வீடு. கம்ப்யூட்டரே தேவைப்படாத ஆட்டம் அது. ஒரு மேஜை, நாலைந்து நண்பர்கள், காகிதம், பென்சில், பகடை. அவ்வளவுதான். நண்பர்களில் ஒருவர் கதையை நடத்துவார். பூட்டை உடைக்க முயல்கிறீர்களா? பகடையை உருட்டுங்கள். எண் போதவில்லையா? பூட்டு திறக்காது.

அங்கே தோல்வி ஒரு பெரிய பிரச்னை இல்லை. 'பூட்டு திறக்கவில்லை, ஆனால் சத்தம் கேட்டுக் காவலாளி வருகிறான்' என்று கதை நடத்துபவர் அடுத்த காட்சிக்குப் போய்விடுவார். கம்ப்யூட்டருக்கு அந்தச் சமயோசிதம் கிடையாது. எழுதி வைத்ததை மட்டுமே அது செய்யும். அதனால் தோற்ற ஆட்டக்காரரை என்ன செய்வது என்பதை ஒவ்வொரு கேமும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

பதில் 1: எல்லாம் போச்சு

1980 வாக்கில் கலிஃபோர்னியாவின் கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய 'ரோக்' மிகக் கறாரான பதிலைச் சொன்னது. செத்தால் செத்ததுதான். முதல் தளத்திலிருந்து, புது ஆளாக, மீண்டும் ஆரம்பிக்க வேண்டும். போன முறை பார்த்த வரைபடமும் உதவாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குகையின் அமைப்பே மாறிவிடும்.

கொடூரமாகத் தெரிந்தாலும் இதில் ஒரு நியாயம் உண்டு. கதாபாத்திரம் எதையும் சேர்த்து வைக்க முடியாது. ஆடுபவருடைய அனுபவம் மட்டுமே மிஞ்சும். இந்த ரூலுக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். 'ரோக்லைக்' என்று ஒரு தனி வகையே இதன் பெயரில் உருவாகிவிட்டது.

பதில் 2: பாதிப் பணம் அபராதம்

1986-ல் ஜப்பானில் வெளியான 'டிராகன் குவெஸ்ட்' நேர் எதிர்த் திசையில் போனது. ஹீரோ விழுந்தால் அரண்மனையில் ராஜா முன் கண் விழிப்பார். கையில் இருந்த தங்கத்தில் பாதி போயிருக்கும். சண்டைகளில் சேர்த்த அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும்.

அதாவது, தோற்றாலும் நேற்றைவிட இன்று நீங்கள் கொஞ்சம் பலசாலி. விரல் வேகம் இல்லாதவர்கள், புதிதாக கேம் ஆடுபவர்கள் எல்லோரும் பொறுமை இருந்தால் முடித்துவிடலாம். அபராதமும் உறுத்த வேண்டிய அளவுக்கு உறுத்தும். பணத்தைச் செலவழித்துவிட்டுக் கிளம்பலாமா, பத்திரமாக வைத்துக்கொண்டு போகலாமா என்று யோசிக்க வைக்கும்.

பதில் 3: விழுந்த இடத்தில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்

'ஃப்ரம் சாஃப்ட்வேர்' என்ற ஜப்பானிய நிறுவனம் 2022-ல் வெளியிட்ட 'எல்டன் ரிங்' இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இதில் எதிரிகளை வீழ்த்தினால் 'ரூன்' கிடைக்கும். கடையில் பொருள் வாங்குவதற்கும் அதுதான், லெவல் ஏற்றுவதற்கும் அதுதான். செத்தால் கையில் இருந்த ரூன் முழுவதும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் போகிற வழியில் மறுபடி செத்தால் பழைய ரூன் நிரந்தரமாகக் காலி.

ஒரே தோல்விக்குத் தண்டனை இல்லை, ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதைத் தவறவிட்டால்தான் நஷ்டம். இந்த ஒரு ரூல்தான் எல்டன் ரிங்கின் மொத்தப் படபடப்புக்கும் காரணம்.

'ஈஸி', 'ஹார்ட்' என்று கடினத்தைத் தேர்வு செய்யும் வசதி இதில் கிடையாது. அதற்குப் பதிலாக, கஷ்டமான இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் சுற்றி வரலாம், துணைக்கு ஆவிகளை அழைக்கலாம், ஆன்லைனில் மற்றவர்களின் உதவியைக் கேட்கலாம். ஆனால் வழக்கமான பாஸ் பட்டன் இல்லை. சண்டையின் நடுவில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் அரக்கன் காத்திருக்க மாட்டான்.

பதில் 4: செய்யச் செய்யப் பழகும்

2011-ல் வந்த 'ஸ்கைரிம்' கேமில் செத்தால் கடைசியாக சேவ் ஆன இடத்துக்குப் போய்விடுவீர்கள். வேறு அபராதம் இல்லை. இதன் சுவாரஸ்யமே வேறு இடத்தில் இருக்கிறது. எதை அதிகம் செய்கிறீர்களோ அதில்தான் திறமை கூடும். வாள் வீசினால் வாள் வித்தை, பதுங்கி நடந்தால் பதுங்கும் கலை. மொத்தம் 18 திறமைகள். பூட்டைத் திறக்கும்போது கம்பி உடைந்தால்கூட அந்தத் திறமைக்குத் துளி அனுபவம் சேரும்.

கேட்க வாழ்க்கைப் பாடம்போல இருக்கிறது. ஆனால் ரூல் எப்படியோ அப்படித்தான் மனிதர்களும். கொல்லர் திறமை சீக்கிரம் ஏற வேண்டும் என்று பலர் மலிவான இரும்புக் கத்திகளையே செய்து குவித்தார்கள். அதனால், செய்யும் பொருளின் மதிப்பைப் பொறுத்துத்தான் அனுபவம் என்று பின்னர் ஒரு அப்டேட்டில் மாற்றினார்கள். 

பதில் 5: கதை வேறு பக்கம் திரும்பும்

பெல்ஜியத்தின் 'லாரியன் ஸ்டுடியோஸ்' 2023-ல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' அந்தப் பழைய மேஜை ஆட்டத்தின் நேரடி வாரிசு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிகளைத் தழுவியது. ஒருவரிடம் பேசிச் சமாளிக்க முயன்றால் திரையில் 20 பக்கப் பகடை உருளும். 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்றால் வெற்றி வாய்ப்பு 50 சதவிகிதம். சாதகமான சூழ்நிலை என்றால் இரண்டு பகடை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அப்போது அதே வாய்ப்பு 75 சதவிகிதம் ஆகிவிடும். ஆனால் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும், பகடையில் 1 விழுந்தால் தோல்விதான்.

தோற்றால் பெரும்பாலும் ஆட்டம் முடிவதில்லை. பேசித் தீர்க்க வேண்டியது சண்டையாக மாறும். கதவு வழியாகப் போக முடியாதவர் ஜன்னலைத் தேடுவார். தோல்வியிலும் ஒரு கதை இருக்கிறது.

பிரச்னை என்னவென்றால், அதைப் பார்ப்பதற்குள் பலர் விரல் சேவ் கோப்புக்குப் போய்விடுகிறது. பகடை சரியாக விழும்வரை திரும்பத் திரும்ப லோட் செய்தால் ரூல் இருந்தும் இல்லாதது போலத்தான். இதற்கு மாற்றாக பின்னர் 'ஹானர் மோட்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரே ஒரு சேவ்தான். முடிவை மாற்ற முடியாது.

சண்டையில் எல்டன் ரிங்குக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அங்கே நொடிக்கும் குறைவான நேரத்தில் விலக வேண்டும். இங்கே ஒவ்வொருவரும் முறை வைத்து ஆடுகிறார்கள். உங்கள் முறையில் பத்து நிமிடம் யோசித்தாலும் எதிரி அசைய மாட்டான். செஸ் ஆடத் தெரிந்த தாத்தாவுக்கு எல்டன் ரிங்கைவிட இதுதான் எளிது.

பதில் 6: தோற்றதே தெரியாது

1985-ல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய 'அல்டிமா 4' எல்லாவற்றிலும் வித்தியாசமானது. கொல்ல வேண்டிய பெரிய வில்லனே இதில் இல்லை. நேர்மை, கருணை, வீரம் என்று எட்டு நற்குணங்களில் தேறுவதுதான் இலக்கு.

இதில் பார்வையற்ற மூலிகை வியாபாரி ஒருவர் வருவார். விலையைச் சொல்வார். எத்தனை காசு கொடுக்கிறீர்கள் என்பதை நீங்களே டைப் செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் அவர் நன்றி சொல்லிப் பொருளைத் தருவார். மணி அடிக்காது, மதிப்பெண் குறைந்ததாகத் திரையில் வராது. ஆனால் உள்ளே கணக்கு எழுதப்பட்டுவிடும். பல மணி நேரம் கழித்து, நேர்மையில் தேற முடியாமல் நிற்கும்போதுதான் அந்தக் காசு நினைவுக்கு வரும். மற்ற கேம்களில் தோல்வி என்பது சாவு. இதில் தோல்வி என்பது சின்ன ஏமாற்று வேலை.

ஏழாவது பதில்: காசு கொடு

இந்த ஆறில் எது சரி என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. ஆனால் ஆறுக்கும் பொதுவான ஒன்று உண்டு. தோற்றவரிடம் அவை கேட்பது நேரம், பொறுமை, யோசனை. பணம் இல்லை.

மொபைலில் இலவசமாகக் கிடைக்கும் பல ஃபேன்டஸி கேம்கள் இங்கேதான் வேறுபடுகின்றன. தோற்றவுடன் திரையில் ஒரு சலுகை விலை தோன்றும். உடனே உயிர்பெற இவ்வளவு, பலமான ஆயுதம் வரக்கூடிய பெட்டிக்கு இவ்வளவு. பெட்டியில் என்ன இருக்கும் என்பதும் அதிர்ஷ்டம்தான். அதுவும் பகடைதான். ஆனால் ஒவ்வொரு உருட்டலுக்கும் நிஜப் பணம் போகும். இப்படிப்பட்ட சில பெட்டிகள் தங்கள் சட்டப்படி சூதாட்டம் என்று பெல்ஜியத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் 2018-லேயே அறிவித்தது.

பணம் கேட்கும் கேமில் கஷ்டம் எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். எல்டன் ரிங் உங்களைத் தோற்கடித்தால் அதற்குக் கூடுதல் வருமானம் இல்லை. தோல்வியை விற்கும் கேமுக்கு, நீங்கள் தோற்றால்தான் வியாபாரம்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன்...

- விளையாடும் நேரம் முக்கியம். வேலைகளுக்கு நடுவே அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், எந்த இடத்திலும் சேவ் செய்ய முடிகிறதா என்று பாருங்கள்.

- வேகமாக விரல் ஓடாதவர்கள், நிதானமாக யோசிக்க விரும்புபவர்கள் முறை வைத்து ஆடும் கேம்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

- வயதுச் சான்றைப் பார்க்காமல் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம். எல்டன் ரிங், ஸ்கைரிம், பால்டர்ஸ் கேட் 3 மூன்றுக்கும் அமெரிக்காவின் ஈ.எஸ்.ஆர்.பி அமைப்பு தந்திருப்பது 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான சான்று. 

- மொபைல் கேம் என்றால் வீட்டுப் பெரியவர்கள் ஒருமுறை வேண்டுமென்றே தோற்றுப் பாருங்கள். அடுத்து திரையில் வருவது 'மீண்டும் முயற்சி செய்' பட்டனா, விலைப்பட்டியலா? அந்தக் கேமை உருவாக்கியவர்கள் உங்கள் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பது அந்த ஒரு திரையிலேயே தெரிந்துவிடும்.