இல்லத் தேனீயும் அயலார் உரிமையும்

நரேந்திரசிங்க மன்னன் (1707–1739) மாளிகை அமைத்து உறைந்த குண்டசாலையில், இன்று பழந்தோட்டக் காணிகள் சிறு மனைகளாகப் பிரிந்து வருகின்றன. அத்தகைய மனையொன்றில் ஒருவர் தேன்பெட்டி வைப்பாராயின், அயலவர் அதனைத் தடுக்கலாகுமோ?

முதற்கண் எத்தேனீ என்பதைத் தெளிதல் வேண்டும். சிகிரியாக் குன்றில் ஏறுவோரைச் சிற்சில வேளை தாக்குவது மலைத்தேனீ. அது பெட்டியில் அடங்கி வாழாது. நம்மவர் பானையிலும் பெட்டியிலும் வளர்ப்பது, மரப்பொந்தில் வாழும் சாந்தமான இந்தியத் தேனீயாகும். கொசுத்தேனீயோ கொட்டுவதேயில்லை. இம்மூன்றினையும் ஒரு சொல்லால் தடுக்கும் விதி அறிவுடைய விதியன்று.

இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம், தேனீயை இயல்பிற் காட்டுயிர் எனவே கொள்கின்றது. கி.பி. 533இல் யுஸ்தினியன் வெளியிட்ட சட்டநூலின்படி, பெட்டியை விட்டுப் பறந்த கூட்டம் கண்ணுக்குப் புலப்படும் வரையும், பின்தொடர்தல் அரிதாகாத வரையுமே முன்னவனுக்கு உரியது. பின்னர்ப் பிடித்தவனுக்கே உரியது. அதனைப் பிடிக்கத் தன் காணியிற் புகுவோனை அயலவன் தடுக்கவும் செய்யலாம்.

ஆயின் தேனீயால் ஊரார்க்கு இடர் நேரின், அது பொதுத் தொல்லை என்னும் தலைப்பின்கீழ் வருதல் கூடும். தண்டனைச் சட்டக்கோவையின் 261ஆம் பிரிவு அதற்கு இலக்கணம் வகுக்கின்றது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 98ஆம் பிரிவால், தொல்லையை அகற்றுமாறு கட்டளையிடும் அதிகாரத்தை நீதவானுக்கு அளிக்கின்றது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரதேச சபையும் துணைவிதிகள் ஆக்கலாம். எனவே, பெட்டி இருக்கும் வலயம் யாது என்பதினும், அது வைக்கப்பட்ட முறை யாது என்பதே வழக்கைத் தீர்ப்பதாகும்.

தொலைவை மட்டும் அளந்து விதி செய்தல் பழைய வழக்கம். ஏதென்சின் சோலன் 300 அடி இடைவெளி விதித்தான் என்பர். அதுவும் முன்னரே தேனீ வளர்த்தவனைக் காத்ததேயன்றி, அண்டை வீட்டானை அன்று! நியூயோர்க் நகரம் 1999இல் விதித்த தடையை 2010இல் தளர்த்தி, கொடுமையற்ற இனத்தை மட்டும் அனுமதித்துப் பெட்டிகளைப் பதிவுசெய்யப் பணித்தது. நமது சபைகள் பின்பற்றத்தக்க வழி இதுவே என்பது எம் கருத்து.

சிறு மனையில் பத்து அடி தள்ளி வைப்பதாற் பெரும்பயன் இல்லை. பெட்டியின் வாயில் ஒழுங்கையை நோக்காதிருத்தல் வேண்டும். அதன்முன் ஆறடி உயர வேலி நிற்குமாயின், தேனீ மேலெழுந்து மாந்தர் தலைக்கு மேலாகப் பறந்து செல்லும். அருகில் கூழாங்கல் இட்ட நீர்த்தட்டு வைப்பின், அயலான் கிணற்றடியை அது நாடுவது குறையும். தேனெடுத்தலை அயலவர் முற்றத்தில் இல்லாத வேளையிற் செய்க. கொட்டினால் மூச்சடைக்கும் ஒவ்வாமை உடையவர் அடுத்த வீட்டில் இருப்பரேல், விதியை எடுத்துக்காட்டி வாதிடுதல் தகாது. இரவில் வாயிலை வலையால் மூடிப் பெட்டியை வேறிடத்துக்குப் பெயர்த்தலே முறை.