தங்கவயலில் வெண்ணெய் நண்டு

கோலார் தங்கவயலுக்குக் கடல் இல்லை. ஆனால் நண்டுக்கு வேண்டிய இரண்டு சமையல்கள் இங்கே உண்டு. ஆங்கிலேய அதிகாரிகளும் ஆங்கிலோ இந்தியர்களும் வாழ்ந்த பங்களாக்களில் வெண்ணெய். வடஆற்காட்டிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் மிளகும் பூண்டும். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. ஆங்கிலோ இந்தியச் சமையலை இவ்வூர்க்காரரான பிரிட்ஜெட் ஒயிட்-குமார் புத்தகங்களாகப் பதிவு செய்திருக்கிறார். இரு வீட்டு ருசியும் ஒரே சட்டியில் சேர ஏற்றது நண்டு.

அமெரிக்கர்கள் விரும்பும் ஸ்நோ கிராப்பின் நீண்ட கால்கள் வெந்து உறைந்த நிலையிலேயே கடைக்கு வருகின்றன. சுடவைத்தால் போதும். நம் சேற்று நண்டில் சதைப்பற்று கொடுக்கில்தான். உயிருடன்தான் வாங்க வேண்டும். செத்த நண்டு சீக்கிரம் கெடும். கடலோரம் அல்லாத ஊரில் இதுதான் முதல் விதி.

அரைக் கிலோ நண்டை உப்பு நீரில் 12 நிமிடம் வேகவிட்டு, கொடுக்குகளையும் கால்களையும் லேசாகத் தட்டி உடைக்கவும். 100 கிராம் வெண்ணெயை இளந்தீயில் உருக்கி, நசுக்கிய பூண்டு, இடித்த மிளகு சேர்க்கவும். பூண்டு சிவந்தால் கசக்கும். இறக்கியதும் எலுமிச்சைச் சாறு, கொத்தமல்லி. நண்டைப் புரட்டிப் பரிமாறலாம். தட்டில் மிஞ்சும் வெண்ணெய்க்கு ரொட்டி என்றால் பங்களா வழக்கம். சோறு என்றால் லைன் வீட்டு வழக்கம்.