இசைத்தட்டு முள்ளைத் துடைக்கும் முறை

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தில்லி கரோல்பாகில் வசிக்கும் அன்பர் ஒருவருடைய இல்லத்தில் இசைத்தட்டுக்கள் கேட்பதற்காக நாம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். அன்பரின் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். அவர் தமது டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நாகஸ்வர இசைத்தட்டை எடுத்துவந்து கொடுத்தார். காலஞ்சென்ற அவருடைய கணவர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது சென்னையில் வாங்கி, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்த தட்டு அது.

தொடக்கத்தில் நன்றாகவே ஒலித்தது. சில நிமிடங்களில் நாதம் மங்கிக் கரகரக்கலாயிற்று. முள்ளைத் தூக்கிப் பார்த்தால் அதன் நுனியில் ஒரு சிறு பஞ்சுத் திரள் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில், அவ்வீட்டுப் பெண் நகப்பூச்சை அழிக்க வைத்திருந்த திரவத்தைப் பஞ்சில் நனைத்து, நாம் முள்ளை அழுத்தித் துடைத்துவிட்டு மீண்டும் தட்டின்மேல் வைத்தோம். (இவ்விடத்தில் 'நாம்' என்பது பத்திரிகை மரபுதான், துடைத்த கை இதை எழுதும் கையே.) எழுந்த ஓசை நாகஸ்வரத்தினுடையதன்று. கரைப்பானும் கையழுத்தமும் சேர்ந்து, முள்ளின் நுனியில் ஒட்டப்பட்டிருந்த வைரத்தையே பெயர்த்து எடுத்துவிட்டன. வைரமற்ற மொட்டைத் தண்டு தட்டை உழுதுகொண்டு போயிற்று.

நாம் பதறிப்போய், புதிய முள் வாங்கித் தருவதாகச் சொன்னோம். அந்த அம்மையார், "முள்ளை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் தம்பி" என்று மட்டும் சொல்லித் தட்டை உறையில் இட்டுக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்ட மறுபாதியே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. நம் குடும்பங்கள் பலவற்றில், ஊரைவிட்டு வந்த நாளில் கொண்டுவந்த தட்டுக்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றுள் மறுபடி அச்சேறாதவையும் உண்டு. இக்காலத்து இளைஞர்களும் புதிய தட்டுக்களை விரும்பி வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே முள்ளைத் துடைக்கும் சிறு தொழிலை எல்லோரும் அறிந்திருத்தல் நலம்.

நம் பெரியவர்களின் கிராமபோன் பெட்டியில் இந்தக் கவலை இருந்ததில்லை. 78 சுற்றுத் தட்டு அரக்கினால் ஆனது. அதனுடன் கலந்திருந்த கற்பொடி, எஃகு முள்ளைத் தேய்த்துப் பள்ளத்துக்கு ஏற்ற வடிவாக்கிவிடும். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் அந்த முள்ளை எறிந்துவிட்டு வேறு முள் பொருத்துவார்கள். கல்கத்தாவில் 1908-இல் சியால்டாவிலும், பின்னர் 1928-இல் டம்டமிலும் ஏற்பட்ட தொழிற்சாலைகளிலிருந்து நாடெங்கும் சென்ற தட்டுக்கள் இவ்விதமே பாடின. 1948-இல் அமெரிக்காவில் வினைல் என்னும் பொருளாலான நீண்ட நேரத் தட்டு வெளிவந்த பின்னர் முறை மாறியது. தட்டு மென்மையாயிற்று, பள்ளம் குறுகியது, முள்ளோ நிலையாகத் தங்கும் ரத்தினமாயிற்று. எறிந்து பழகிய கைகள் துடைத்துப் பழக வேண்டியதாயிற்று.

இன்றைய முள்ளின் நுனி வைரம். உருண்டை நுனியாயின் அதன் ஆரம் சுமார் 18 மைக்ரான்; தலைமயிரின் பருமனில் நான்கில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். அது ஒரு மெல்லிய உலோகத் தண்டின் முனையில் பசையால் ஒட்டப்பட்டுள்ளது. தண்டின் மறுமுனையை ஒரு சிறு ரப்பர் வளையம் தாங்குகிறது. முள்ளின்மேல் நாம் வைக்கும் பாரம் பெரும்பாலும் 2 கிராமை ஒட்டியதே. ஆயினும் அதைத் தாங்கும் இடம் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிதாகையால், அங்கே உண்டாகும் அழுத்தம் மிகப் பெரிது. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் முள் செல்லும் தூரத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் வரும். அவ்வளவு தூரமும் பள்ளத்திலுள்ள அழுக்கை அது வாரிக்கொண்டே போகிறது.

அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் தில்லியில் ஒரு கோடைகாலம் இருந்து பார்க்க வேண்டும். மே, ஜூன் மாதங்களில் வீசும் ஆந்தி, மூடிய ஜன்னலுக்குள்ளும் மணலைக் கொண்டுவந்து தூவுகிறது. குளிர்காலத்தில் ரஜாய்களிலிருந்து உதிரும் பஞ்சு வேறு; வறண்ட காற்றில் தட்டில் மின்னூட்டம் ஏறி, அந்தப் பஞ்சையெல்லாம் தன்பால் இழுத்துக்கொள்ளும். இவற்றோடு நம் வீடுகளுக்கே உரிய சாம்பிராணிப் புகையும், ஊதுவத்தியின் சாம்பலும், தாளிக்கும் எண்ணெயின் ஆவியும் சேர்கின்றன. வெறும் தூசியாயின் ஊதினாலே போய்விடும். எண்ணெய்ப் பசையில் குழைந்த தூசியோ, முள்ளின் உராய்வால் இறுகி வைரத்தின்மேல் கறுத்த பொருக்காகப் படிந்துவிடுகிறது. பூஜை அலமாரிக்கு அடுத்தாற்போல் ரிகார்டுப் பிளேயரை வைத்திருப்போர் அதைக் கொஞ்சம் தள்ளி வைப்பது நன்று. இசைக்கும் பக்திக்கும் இதனால் குறைவு வராது.

முள் அழுக்கடைந்ததைக் காதே முதலில் சொல்லும். 'ஸ', 'ஷ' ஆகிய எழுத்துக்கள் சீறி ஒலிக்கும். 1963-இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வேங்கடேச சுப்ரபாதத் தட்டு நம்மவர் பலரிடம் உண்டு. வடமொழியின் ஊஷ்ம எழுத்துக்கள் நிறைந்த அந்தத் தட்டு முள்ளைச் சோதிக்க நல்ல உரைகல். தட்டின் நடுப்பகுதியை நெருங்கும்போது சீற்றம் மிகுந்தால் முதலில் முள்ளைப் பாருங்கள். துடைத்த பிறகும் அது நீங்காவிடில், பாரமோ பொருத்தமோ சரியில்லை, அல்லது முள் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். வைர முள்ளின் ஆயுள் 500 முதல் 1000 மணி நேரம் என்று பொதுவாக மதிப்பிடுவர். தேய்ந்த முள்ளை எவ்வளவு துடைத்தும் பயனில்லை. அது தட்டை அறுக்கும்.

இனித் துடைக்கும் பொருள்களைப் பார்ப்போம். இவற்றுள் முதலிடம் சிறு தூரிகைக்கே. மயிர் குட்டையாகவும் நெருக்கமாகவும் உள்ள கரியிழைத் தூரிகைகள் இதற்கென்றே விற்கின்றன. அது கிட்டாதபோது, ஓவியர்களின் மெல்லிய தூரிகை ஒன்றைப் புதிதாக வாங்கி வேறெதற்கும் பயன்படுத்தாமல் வைத்துக்கொள்ளலாம். இதில் முக்கியமானது திசை. தட்டு சுழலும்போது முள்ளின் அடியில் பின்னிருந்து முன்னாக ஓடுகிறது. தூரிகையும் அவ்வாறே, கைத்தண்டின் அடிப்புறத்திலிருந்து நம்மை நோக்கி வர வேண்டும். எதிராக இழுத்தால் தண்டு மடங்கும். பக்கவாட்டில் இழுத்தால் வளையும். தட்டு சுழல்வதை நிறுத்தி, ஒலியைக் குறைத்து, கைத்தண்டை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு இரண்டு மூன்று முறை இழுத்தாற் போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னர் இதைச் செய்வது வழக்கமாகிவிட்டால், மற்றப் பொருள்களைத் தேடவேண்டிய அவசியமே அரிதாகிவிடும். விரலால் தட்டிப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. விரலின் எண்ணெய்ப் பசை முள்ளில் ஏறுவதன்றி அதனால் நன்மை ஒன்றும் இல்லை.

இரண்டாவது, சிறு டப்பியில் வரும் ஜெல். அல்வாத் துண்டைப் போல் ஒளி ஊடுருவும் இப்பொருளைச் சுழலாத தட்டுமேடையில் வைத்து, ஏற்றி இறக்கும் நெம்புகோலின் உதவியால் முள்ளை அதன்மேல் மெல்ல இறக்கி உடனே தூக்க வேண்டும். தூசி ஜெல்லில் தங்கிவிடும். இரண்டு மூன்று முறை போதும். ஜெல்லில் அழுக்குச் சேர்ந்தால் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் உலர்த்தலாம். குழந்தைகள் விளையாடும் ஒட்டுக் களிமண்ணும், சுவரில் படம் ஒட்டும் பசையும் இதற்கு மாற்றாகா. அவை முள்ளில் மிச்சம் வைத்துவிட்டு வருகின்றன.

சுவர்க்கறை துடைக்க விற்கும் வெண்ணிற மெலமைன் பஞ்சைப் பயன்படுத்துவோரும் உளர். அது பார்வைக்குப் பஞ்சாயினும் உண்மையில் மிக நுண்ணிய உரைகாகிதத்தின் தன்மை உடையது. பொருக்கை நன்றாகவே எடுக்கும். ஆனால் முள்ளை நேராக இறக்கி நேராகத் தூக்க வேண்டும், சிறிதும் இழுக்கலாகாது. பின்னர்த் தூரிகையால் துகள்களை அகற்ற வேண்டும். கை நடுக்கமுள்ளோர் இதனிடம் போகவேண்டாம் என்பது நம் கருத்து.

திரவங்களைப் பற்றி அச்சத்துடனேயே எழுதுகிறோம். காரணம் நேயர்கள் அறிந்ததே. சில தயாரிப்பாளர்கள் ஆல்கஹால் கலந்த திரவத்தைத் தாமே விற்கிறார்கள். வேறு சிலர் எத்திரவமும் கூடாது என்று தடுக்கிறார்கள். உங்கள் முள்ளுடன் வந்த தாளில் உள்ளதே உங்களுக்குச் சட்டம். திரவத்துக்கு அனுமதி உண்டென்றால், அதைத் தூரிகையின் நுனியில் ஒரு சிறு துளி இட்டு, மிகுதியை உதறிவிட்டு, முன்சொன்ன திசையில் ஓரிரு முறை தடவுங்கள். ஈரம் தண்டின் வழியே ஏறி ரப்பர் வளையத்தை அடையலாகாது. நன்றாக உலர்ந்த பின்னரே தட்டில் வைக்க வேண்டும். நகப்பூச்சை அழிக்கும் திரவம், ஸ்பிரிட், அத்தர் ஆகியவற்றை முள்ளருகே கொண்டுவராதீர்கள். ஆல்கஹால் 78 சுற்றுத் தட்டின்மேல் சிந்தினால் நிலைமை இன்னும் மோசம். அரக்கு அதில் கரைந்துவிடும். பழைய தட்டைத் துடைக்க ஸ்பிரிட் தேடுவோர் இதை மறவாதிருக்க வேண்டும்.

அத்துடன், நீண்ட நேரத் தட்டின் முள்ளைக் கொண்டு 78 தட்டைப் பாடவைப்பதும் தவறு. அத்தட்டுக்குரிய முள்ளின் ஆரம் ஏறக்குறைய 75 மைக்ரான். சிறிய முள் அந்த அகன்ற பள்ளத்தின் அடிமட்டத்தில் கிடந்து, அங்குள்ள அழுக்கையெல்லாம் வாரிக்கொள்ளும். கற்பொடியால் தேயவும் செய்யும். ஜும்மா மசூதிக்கருகே மீனா பஜாரில் பழைய தட்டு வாங்கி வந்த மகிழ்ச்சியில் இந்த வேறுபாட்டை மறந்து முள்ளை இழந்தவர்களை நாம் அறிவோம். தட்டைத் துடைக்காமல் முள்ளை மட்டும் துடைப்பதும் வீண் வேலை. சுழலும் தட்டின்மேல் கரியிழைத் தூரிகையைச் சில சுற்று வைத்தெடுத்த பின்னரே முள்ளை இறக்குவது முறை.

முள்ளில் வைரம் இருக்கிறதா, பொருக்குப் படிந்திருக்கிறதா என்பதை வெறுங்கண்ணால் அறிவது இயலாத காரியம். நகைத் தொழிலாளர் பயன்படுத்தும் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி இதற்குப் போதும். அப்படியொன்று அந்த மாலையில் நம் கையில் இருந்திருந்தால், துடைத்தவுடன் ஒருமுறை பார்த்திருப்போம். மொட்டைத் தண்டு தட்டில் இறங்கியிராது. இப்போது ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த இசைக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருவோம். முள்ளைத் தனியே கழற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் உடையவர்கள், அதை அதன் சிறு உறையில் இட்டு எடுத்து வரலாம். அந்த அம்மையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தட்டின் மறுபக்கத்தில் கீறல் இல்லையாம்.